முதன்முதலாகப் பரிசல் வாங்குவோருக்கு



மேட்டூர் அணை 1934-லும், பவானிசாகர் அணை 1955-லும் கட்டி முடிந்தன. இந்த அணைகளின் ஓரத்து ஊர்களில் மீன் பிடிக்கிறவர்களுக்குப் பரிசல்தான் ஏர், பரிசல்தான் வண்டி. வெள்ளாமை இல்லாத நாளில் வலை போடலாம், அக்கரைக் காட்டுக்குப் போய்வரலாம் என்று விவசாயிகளிலும் சிலர் பரிசல் வாங்க நினைப்பதுண்டு. நல்ல யோசனைதான். ஆனால் மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், ஏரில் பூட்டி நடத்திப் பார்க்கிறோம். பரிசல் என்றால் மட்டும் விலை படிந்ததும் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்துவிடலாமா? மாடு சரியில்லாவிட்டால் பணம் போகும். பரிசல் சரியில்லாவிட்டால் ஆளே போய்விடுவான். ஆகவே பரிசலையும் தண்ணீரில் விட்டு, சுமை ஏற்றிப் பார்த்த பிறகே பணம் கொடுக்கவேண்டும்.

முதலில் அளவு. "எத்தனை அடிப் பரிசல் வாங்கலாம்?" என்று பலரும் கேட்கிறார்கள். மேல்விளிம்பின் அகலத்தைச் சொல்லித்தான் விற்பார்கள். நீங்கள் அளக்கவேண்டியது தண்ணீரில் உட்காரும் அடிப்பாகத்தை. அடிப்பாகம் 6 அடி அகலம் இருந்தால், ஏறக்குறைய 65 கிலோ சுமைக்கு ஓர் அங்குலம் அமிழும். அதாவது ஓர் ஆளுக்கு ஓர் அங்குலம் என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அதே அடிப்பாகம் 5 அடியானால் 45 கிலோவுக்கே ஓர் அங்குலம் இறங்கிவிடும். 7 அடியானால் 90 கிலோ தாங்கும். ஓர் அடி கூடினால் சுமை எவ்வளவு கூடுகிறது, பாருங்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு ஆள் 130 கிலோ, ஈர வலையும் மீனும் 60 கிலோ, பரிசலின் சொந்த எடை 50 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 240 கிலோ. 6 அடிப் பரிசல் சுமார் 4 அங்குலம் அமிழும். முழுச் சுமையும் ஏற்றிய பிறகு, விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் குறைந்தது ஒரு சாணாவது நிற்கவேண்டும். நிற்காவிட்டால் ஆளைக் குறையுங்கள், அல்லது பெரிய பரிசலாகப் பாருங்கள். காற்று கிளம்பி அலை எழும்போது அந்த ஒரு சாண்தான் உங்கள் உயிருக்கு வேலி.

அடுத்தது, மூங்கிலா, ஃபைபரா? மூங்கில் பிளாச்சைக் கூடைபோல் முடைந்து, முன்காலத்தில் மேலே தோல் போர்த்தினார்கள். பிற்பாடு பிளாஸ்டிக் சாக்கைப் போர்த்தித் தார் பூசுகிற வழக்கம் வந்தது. இது விலை குறைவு, பழுதானால் வீட்டிலேயே சரிசெய்யலாம். பழைய பரிசலை வாங்குகிறவர்கள் உள்பக்கத்துப் பிளாச்சைக் கையால் தட்டிப் பாருங்கள். மாவு கொட்டினால் மூங்கில் உளுத்துப்போச்சு என்று அர்த்தம். விளிம்பை இரண்டு கையாலும் அழுத்துங்கள். நெறுநெறு என்று சத்தம் வந்தாலோ, கட்டு நெகிழ்ந்தாலோ அதை விட்டுவிடுங்கள். வெளியே புதுத்தார் பளபளப்பதைப் பார்த்து ஏமாறவேண்டாம். தார் எல்லாக் குறையையும் மூடிவிடும். உள்ளே பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ஃபைபர் பரிசல் கண்ணாடி இழையையும் பிசினையும் சேர்த்துச் செய்வது. உளுக்காது, வருஷா வருஷம் தார் பூசுகிற வேலையும் இல்லை. ஆனால் விலை கூடுதல். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து உள்ளேயிருந்து பாருங்கள். ஓர் இடத்தில் மட்டும் வெளிச்சம் அதிகமாகத் தெரிந்தால் அங்கே கனம் குறைவு. ஒரு நாணயத்தால் நெடுகத் தட்டிக்கொண்டே வாருங்கள். 'டொக்கு' என்று சத்தம் மாறுகிற இடத்தில் அடுக்கு பிரிந்திருக்கலாம். இழை வெளியே தெரிந்தால் அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே ஊறும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. மூங்கில் தானாக மிதக்கும் பொருள். கண்ணாடி இழை தானாக மிதக்காது. ஃபைபர் பரிசலில் தண்ணீர் புகுந்துவிட்டால், உள்ளே காற்று அடைத்த பெட்டியோ, தண்ணீர் ஊறாத நுரைக்கட்டையோ இல்லாதபோது அது மூழ்கிவிடும். ஆகவே கரையோரத்தில், இடுப்பளவு தண்ணீரில், பரிசல் நிறையத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். விளிம்பு மேலே நின்றால் வாங்கலாம். விற்கிறவர் இதற்குச் சம்மதிக்காவிட்டால், "சரிங்க, வேற இடம் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

எந்தப் பரிசலானாலும் கசிவு சோதனை அவசியம். காலையில் கல்லோ மண் மூட்டையோ ஏற்றிக் கரையில் கட்டிவிட்டு, மத்தியானம் வந்து பாருங்கள். எங்கே ஈரம் பூத்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு இடத்தில் விசாரிக்கவேண்டும். ஒன்று, உங்கள் அணையிலோ ஏரியிலோ மீன் பிடிக்கும் உரிமை மீன்வளத் துறையிடம் இருக்கிறதா, மீன்வளர்ச்சிக் கழகத்திடமா, கூட்டுறவுச் சங்கத்திடமா, குத்தகைக்காரரிடமா என்பது. உரிமம் கிடைக்காத தண்ணீருக்குப் பரிசல் வாங்கி என்ன செய்வது? இரண்டாவது, மானியம். 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீதம் என்று மானியம் வகுத்திருந்தார்கள். இப்போது எந்தத் திட்டம் நடப்பில் இருக்கிறது, அதில் பரிசல் சேருமா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, அதற்குப் பிறகு முன்பணம் கொடுங்கள். நகையை அடகு வைத்து அவசரப்படவேண்டாம்.

விலைப் பேச்சு பேசும்போதே கூட வாங்கவேண்டியதையும் கணக்கில் சேருங்கள். இரண்டு துடுப்பு வேண்டும், ஒன்று ஒடிந்தால் இன்னொன்று. தண்ணீர் இறைக்க ஒரு டப்பா, நல்ல கயிறு, ஏறுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு மிதவைச் சட்டை. "எனக்கு நீச்சல் தெரியும், சட்டை எதுக்கு?" என்கிறவர்களும் இருக்கிறார்கள். கால் வலையில் சிக்கிக்கொண்டால் நீச்சல் உதவாது.

பரிசலுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒரே பக்கமாகத் துடுப்புப் போட்டால் பம்பரமாகச் சுற்றும். துடுப்பை முன்னால் நீட்டி, தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கப் பழகவேண்டும். ஆகவே வாங்குவதற்கு முன்பே, தெரிந்த பரிசல்காரரோடு சில நாள் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். எல்லோரும் நடுவில் உட்காரவேண்டும். ஒருவர் விளிம்புக்கு நகர்ந்தாலும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். ஆடிக் காற்றிலும், மேலே இருந்து வெள்ளம் வருகிறது என்று அறிவிப்பு வந்த நாளிலும் பரிசலை இறக்கவே வேண்டாம். ஒகேனக்கல்லில் பரம்பரையாகப் பரிசல் ஓட்டுகிறவர்களையே, நீர்வரத்து கூடினால் நிறுத்திவைக்கிறார்கள். புதிதாக வாங்கிய நமக்கு அவசரம் எதற்கு?

வேலை முடிந்ததும் பரிசலைக் கரையேற்றி, நிழலில் கவிழ்த்து வையுங்கள். மூங்கில் பரிசலானால் நன்றாகக் காயவைத்து, கீறல் விழுந்த இடத்தில் உடனே தார் பூசுங்கள். இப்படிப் பார்த்து வாங்கி, பார்த்து வைத்துக்கொண்டால், வெள்ளாமை பொய்த்த வருஷத்திலும் வீட்டில் அடுப்பு எரிய அந்தப் பரிசல் கைகொடுக்கும்.