பிஞ்சு மூக்குக்கு எண்ணெய் வேண்டாம்

பிள்ளைப்பேற்றுக்காக ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். மகனுக்கு அப்போது ஆறு வாரம். ஒருநாள் நடுராத்திரி, மார்பில் வாய் வைப்பான், இரண்டு மடக்கு உறிஞ்சுவான், விட்டுவிட்டு வீறிடுவான். மூக்கு ‘கர்கர்’ என்றது. முதல் சில மாதங்களில் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுகிறார்கள். அது அடைத்தால் பாலும் இறங்காது.

பாட்டி தேங்காய் எண்ணெயைச் சூடு காட்டி எடுத்து வந்தார். “உங்கம்மாவுக்கும் ரெண்டு சொட்டு விட்டுத்தான் வளர்த்தேன்.” விடியுமுன் பால்வெட்டுக்குப் போய், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்ட தலைமுறை அவர். கையில் இருந்ததே மருந்து. பால் கொடுக்கும் முன் மூக்கைச் சரிசெய்ய வேண்டும் என்ற அவர் கணக்கு சரிதான். எண்ணெய்தான் தப்பு. அது இருமலைக்கூடத் தூண்டாமல் நுரையீரலுக்குள் வழுக்கிப்போய், அங்கேயே தங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். தென்னிந்தியக் குழந்தைகளிடம் இதைக் கண்டு 1973-லேயே மருத்துவ ஏட்டில் எழுதியிருக்கிறார்கள்.

கோடாலித் தைலம், கற்பூரம் கலந்த களிம்பு இவையும் இரண்டு வயதுக்குள் வேண்டாம். கற்பூரம் வலிப்பைக்கூடக் கொண்டுவரும். வாயால் சளியை உறிஞ்சினால் நம் கிருமி பிள்ளைக்குப் போகும். சாம்பிராணிப் புகையைப் பற்றிப் பாட்டியோடு இன்றும் வாக்குவாதம் ஓயவில்லை.

அன்று கைகொடுத்தது மருந்தகத்தில் வாங்கி வைத்திருந்த சலைன் சொட்டு. 100 மில்லி தண்ணீரில் 0.9 கிராம் உப்பு, அவ்வளவுதான். மகனை மல்லாக்கப் படுக்கவைத்து, ஒவ்வொரு மூக்குத்துளையிலும் இரண்டு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் காத்திருந்தேன். தும்மினான். வெளியே வந்ததை ஈரத்துணியால் துடைத்தேன். பஞ்சுக்குச்சியை உள்ளே விடவில்லை.

துடைத்தும் போகாத சளிக்கு ரப்பர் உறிஞ்சி இருக்கிறது. அதை வெளியிலேயே அமுக்கிப் பிடித்து, நுனியை மட்டும் மெதுவாக வைத்து, பிறகு கையைத் தளர்த்த வேண்டும். உள்ளே வைத்து அமுக்கினால் சளி இன்னும் மேலே ஏறும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவைக்கு மேல் உறிஞ்சினால் மூக்கின் உட்சவ்வு வீங்கி அடைப்பு கூடும். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவையுங்கள்.

அன்று பால் குடித்து அவன் தூங்கியபின், சட்டையைத் தூக்கி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணினேன்: 44. இரண்டு மாதத்துக்குள் 60-ஐயும், அதன்பின் ஒரு வயதுவரை 50-ஐயும் தொட்டால் ஆபத்து. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, உதடு நீலம் பாய்வது, பால் குடிக்க மறுப்பது, மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி காய்ச்சல், இவற்றில் எது வந்தாலும் காலையில் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். தோட்டத்துச் சாலை இருட்டாக இருந்தாலும் சரி, உடனே சிரம்பானுக்கோ போர்ட்டிக்சனுக்கோ மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 999.