ஒபுஸோன்: ஒரு பிரெஞ்சு நெசவூரின் வரலாறு

பிரான்ஸ் நாட்டின் நடுப்பகுதியில், பாரிஸ் நகருக்குத் தெற்கே முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில், ஒபுஸோன் என்னும் சிற்றூர் உள்ளது. சுவரில் தொங்கவிடப்படும் சித்திரத் திரைகளை ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாக நெய்துவரும் ஊர் இது. ஒரு கைத்தொழில் எவற்றால் வளர்கிறது, எவற்றால் தேய்கிறது என்பதை நெசவாளர் ஆராய்ந்தறிய இவ்வூரின் வரலாறு பெரிதும் உதவும்.

இயற்கை அமைப்பு

மத்திய மலைப்பிரதேசத்தின் வடமேற்கு ஓரத்தில், குறுகிய பள்ளத்தாக்கொன்றில் ஊர் அமைந்திருக்கிறது. அதனூடே க்ரேஸ் என்னும் ஆறு ஓடுகிறது. ஆற்றின் பெயரே மாவட்டத்துக்கும் வழங்குகிறது. கருங்கற்பாறை மிகுந்த இந்நிலத்தில் தானிய விளைச்சல் குறைவு. ஆடுமாடு மேய்ச்சலுக்கு நிலம் ஏற்றது. ஆட்டு ரோமமும், கம்பளி அலசுவதற்கும் சாயம் தோய்ப்பதற்கும் உகந்த ஆற்று நீரும் நெசவுக்குத் துணை நின்றன. நிலம் போதாமையால் இம்மாவட்டத்து ஆடவர் பலர் கொத்துவேலைக்காகப் பாரிஸ் சென்று வந்தனர்.

தறியும் வேலைமுறையும்

ஒபுஸோன் தறியில் பாவு கிடைமட்டமாக நீட்டப்பட்டிருக்கும். நெசவாளர் காலால் மிதித்துப் பாவைப் பிரிக்கிறார். ஊடை நூல் துணியின் முழு அகலத்துக்கும் ஓடுவதில்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிச் சிறு மரக்கதிரில் கம்பளி நூல் சுற்றப்பட்டு, அந்நிறம் வேண்டிய இடத்தில் மட்டும் செலுத்தப்படுகிறது. பின்பு சிறு சீப்பினால் நெருக்கப்படுகிறது. படத்தின் மாதிரித்தாள் பாவுக்கு அடியில் இருக்கும். நெசவாளர் நெய்வது திரையின் பின்புறத்தை நோக்கியே. முன்புறத்தைக் காணச் சிறு கண்ணாடியைப் பாவுக்கு அடியில் பிடிக்க வேண்டும். ஒரு மாதத்தில் ஒருவர் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் நெய்வார். ஆகவே அடக்கவிலை முழுவதும் பெரும்பாலும் உழைப்பின் விலையே.

ஏற்றமும் இறக்கமும்

பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கொல்பேர் 1665இல் இவ்வூர்ப் பட்டறைகளுக்கு 'அரச உற்பத்திச்சாலை' என்ற பட்டத்தை அளித்தார். நல்ல மாதிரிகள் வரைய ஓர் ஓவியரும், சாயத் தொழிலைச் சீர்செய்ய ஒரு சாய வல்லுநரும் அனுப்பப்படுவர் என்றும் வாக்களிக்கப்பட்டது. பட்டம் உடனே வந்தது. ஓவியர் வர அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இதற்கிடையே 1685இல் அதே மன்னர் புராட்டஸ்டண்டு மதத்தைத் தடைசெய்தார். அம்மதத்தைச் சேர்ந்த தேர்ந்த நெசவாளர் பலர் ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் குடிபெயர்ந்தனர். அவர்களுடன் கைத்திறனும் எல்லை கடந்தது.

1730களில் ஓவியரும் சாய வல்லுநரும் வந்து சேர்ந்தபின் தொழில் மீண்டும் தழைத்தது. 1789ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் பிரபுக் குடும்பங்களாகிய வாடிக்கையாளர் மறைந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலிவான சுவர்க்காகிதம் போட்டிக்கு வந்தது. பட்டறைகளோ பழைய மாதிரிகளையே திரும்பத் திரும்ப நெய்தன. எண்ணெய் வண்ண ஓவியங்களை நூற்றுக்கணக்கான நிறபேதங்களுடன் நகல் செய்ய முயன்றன. வேலைநாட்கள் பெருகின; வாங்குவோர் குறைந்தனர். 1884இல் தேசிய அலங்காரக் கலைப் பள்ளி இங்கே தொடங்கப்பட்டது இத்தேக்கத்தை நீக்கும் பொருட்டே.

1939இல் ஓவியர் ழான் லூர்ஸா ஒபுஸோனுக்கு வந்தார். அவர் செய்த மாறுதல்கள் எளியவை. நிறங்களைச் சில டஜன்களாகக் குறைத்தார். மாதிரியில் வண்ணம் தீட்டுவதற்குப் பதிலாகச் சாயநூலின் எண்ணைக் குறித்தார். பாவு நூல்களைச் சற்றுத் தடிப்பாகவும் இடைவெளியுடனும் அமைத்தார். நெசவு விரைந்தது, விலை தணிந்தது, சித்திரமும் எடுப்பாகத் தெரிந்தது. யுத்தத்துக்குப் பின் புதிய ஓவியர்கள் பலர் இவ்வூர்ப் பட்டறைகளை நாடி வந்தனர்.

ஜனத்தொகை

ஆயினும் ஊர் சுருங்கியே வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். இன்று இருப்போர் ஏறத்தாழ மூவாயிரம் பேர். 1851இல் மாவட்டம் முழுவதிலும் 2,87,000 பேர் இருந்தனர்; இன்று அத்தொகை 1,20,000க்கும் குறைவு. வேலைதேடி இளைஞர் வெளியேறியதே இதற்கு முதற்காரணம்.

2009இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் ஒபுஸோன் நெசவை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. அத்துடன் நின்றுவிடாமல், 2016இல் பழைய கலைப்பள்ளிக் கட்டடத்தில் சர்வதேசச் சித்திரத்திரை நிலையம் திறக்கப்பட்டது. அங்கே காட்சிசாலையுடன் இளைஞருக்கு நெசவுப் பயிற்சியும், இக்கால ஓவியர்களின் மாதிரிகளைத் தறிக்கு ஏற்றும் பணியும் நடைபெறுகின்றன.

ஒபுஸோன் நெசவாளரின் கைத்திறன் எக்காலத்திலும் குறைந்ததில்லை. மாதிரி, சாயம், விற்பனை ஆகிய மூன்றும் தறியோடு இணைந்திருந்தபோது ஊர் வளர்ந்தது, பிரிந்தபோது தளர்ந்தது. தனி நெசவாளர் ஒருவர் இம்மூன்றையும் தாமே தேடிக்கொள்வது அரிது. அவற்றைக் கூடித் தேடுவதற்கே சங்கம் இருக்கிறது. அடுத்த பொதுக்கூட்டத்தில் கூலி விகிதத்தைப் பேசும் அங்கத்தினர்கள், புதிய மாதிரி எப்போது வந்தது, சாயத்தின் தரம் எவ்வாறு உள்ளது, துணி யாருக்கு விற்கப்படுகிறது என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்தே கேட்பார்களாக.