கன்னத்தில் அடிக்கும் மின்னல்

எங்கள் உம்மும்மாவுக்கு வுழூச் செய்வதே பயமாகிப்போன ஒரு காலம் இருந்தது. வலது கன்னத்தில் தண்ணீர் பட்டதும் "கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கு" என்று முகத்தைப் பொத்திக்கொள்வார். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும். கடைவாய்ப் பல்லொன்றைப் பிடுங்கியும் நோவு போகவில்லை. வீக்கமுமில்லை, காயமுமில்லை. "மனப்பிரமை" என்று வீட்டிலேயே சிலர் சொன்னார்கள். நரம்பியல் வைத்தியர் ஒருவர்தான் அதன் பெயரைச் சொன்னார்: முக்கிளை நரம்பு வலி. உயர்தர வகுப்பில் நரம்புத் தொகுதியைப் படித்தபோதுதான் அது என்னவென்று எனக்கு விளங்கியது.

முகத்தின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுசெல்வது ஐந்தாவது மண்டையோட்டு நரம்பு. நெற்றிக்கு ஒன்று, மேல்தாடைக்கு ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று என மூன்று கிளைகளாகப் பிரிவதால் முக்கிளை நரம்பு எனப்படுகிறது. பற்களின் உணர்ச்சியும் இதன் வழியே செல்வதால் பலர் இதனைப் பல்வலி என்றே நினைத்துவிடுகிறார்கள்.

ஓய்விலிருக்கும் நரம்புக்கலத்தின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ற்று மறையாக இருக்கும். அதன் மென்சவ்வில் அயன் கால்வாய்கள் எனப்படும் புரதக் கதவுகள் உள்ளன. தூண்டல் வந்ததும் சோடியம் கால்வாய்கள் ஒரு கணம் திறக்கின்றன. சோடியம் அயன்கள் உள்ளே பாய்ந்து கணத்தாக்கம் பிறக்கிறது. உடனே அவை அடைபட, பொற்றாசியம் அயன்கள் வெளியேறிப் பழைய நிலை திரும்புகிறது. ஊசிக்கணவாயின் தடித்த நரம்பிழையில் ஆராய்ந்து இதனை 1952 இல் விளக்கிய ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் 1963 இல் நோபல் பரிசு பெற்றனர்.

இந்நோயுள்ள பலரில் மூளைத்தண்டுக்கு அருகே ஒரு குருதிக்குழாய் இந்நரம்பின் வேரை அழுத்திக்கொண்டிருக்கும். காலப்போக்கில் நரம்பிழையைச் சுற்றியுள்ள மயலின் கவசம் அவ்விடத்தில் சிதைகிறது. உறை உரிந்த மின்கம்பியைப்போல அந்த இடம் ஆகிவிடுகிறது. அங்கே சோடியம் கால்வாய்களின் பரம்பலும் செயற்பாடும் மாறுவதால், சிறு தூண்டலுக்கும் நரம்பு அடுக்கடுக்காகக் கணத்தாக்கங்களை அனுப்புகிறது. கவசமற்ற இழைகள் அருகருகே இருப்பதால் தொடுகையைக் கடத்தும் இழையின் தூண்டல் நோவைக் கடத்தும் இழைக்கும் பரவலாம். காற்றுப் படுவதும் பல் துலக்குவதும் சோறு மெல்லுவதும் நோவைக் கிளப்புவது இதனால்தான்.

சாதாரண நோவு மாத்திரைகள் இதற்குப் பெரிதாக உதவுவதில்லை. முதலில் கொடுக்கப்படுவது வலிப்பு நோய்க்கும் பயன்படும் காபமசெபின். 1962 இல் புளொம் என்ற சுவீடன் வைத்தியர் இந்நோய்க்கு அது பலன் தருவதை அறிவித்தார். சோடியம் கால்வாய்கள் அடைபட்டிருக்கும் நிலையில் இம்மருந்து அவற்றைப் பற்றிக்கொண்டு, மீண்டும் தயாராவதைத் தாமதப்படுத்துகிறது. ஓயாது துடிக்கும் நரம்பில் அந்நிலைக் கால்வாய்கள் அதிகம் என்பதால் அங்கேதான் மருந்தும் கூடுதலாக வேலை செய்கிறது. தலைச்சுற்றும் தூக்கமும் வரலாம். ஆசியர் சிலருக்கு, அவர்களின் மரபணு காரணமாகக் கடுமையான தோல் ஒவ்வாமையும் ஏற்படலாம். ஆகவே தோலில் தடிப்புக் கண்டால் உடனே வைத்தியரிடம் போகவேண்டும். மருந்து போதாதவர்களுக்கு நரம்பையும் குருதிக்குழாயையும் பிரித்துவைக்கும் சத்திரசிகிச்சை உண்டு.

உம்மும்மா இப்போது பயமின்றி முகம் கழுவுகிறார். "மனப்பிரமை" என்று சொன்னவர்களுக்கு நான் கொப்பியில் படம் கீறிக் காட்டினேன். உங்கள் வீட்டிலும் யாராவது முகத்தைப் பொத்திக்கொண்டால், பல்லைப் பிடுங்குமுன் இந்த நரம்பையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.