ஒரு ரப்பர் ஸ்டாம்ப், பல நிறங்கள்

கையால் வாழ்த்து அட்டை செய்கிறவர்களில் பலர் ரப்பர் ஸ்டாம்பைக் கறுப்பு மையில் ஒற்றி, காய்ந்த பிறகு உள்ளே கலர் பென்சிலால் நிரப்புவார்கள். அதுவும் அழகுதான். ஆனால் ஸ்டாம்பின் மேலேயே மூன்று நான்கு நிறங்களைப் பூசி, ஒரே அழுத்தில் தாளுக்கு மாற்றினால் கிடைப்பது வேறு வகை அழகு. பூவைச் சுற்றிக் கறுப்புக் கோடு இருக்காது. கோடே நிறமாக இருக்கும். இதழின் நுனியில் வெளிர் சிவப்பாகத் தொடங்கி அடியில் மெரூனாக முடியும்; எந்த இடத்தில் மாறியது என்று கண்ணுக்குத் தெரியாது. இதற்கு விலை கூடிய கருவி எதுவும் வேண்டாம். மை எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கும், எந்த நிறத்தை எதற்கு முன்னால் பூச வேண்டும் என்ற இரண்டும் பிடிபட்டால், மீதியெல்லாம் கைப்பழக்கம்.

ரப்பர் மையை உறிஞ்சாது. பூசிய மை அதன் மேல் மெல்லிய படலமாக நிற்கும். தாள் பட்டதும் தாளின் நார் அதை இழுத்துக்கொள்ளும். அலுவலக மேசையில் இருக்கும் ஊதா ஸ்டாம்ப் பேடின் மையில் பெரும்பாலும் கிளிசரின் போல எளிதில் ஆவியாகாத ஒரு திரவம் சேர்ந்திருக்கும். பேட் நாள்கணக்கில் காயாமல் இருப்பது அதனால்தான். அதே காரணத்தால் அந்த மை தாளில் ஊறிப் பரவி, மெல்லிய கோட்டையும் தடிக்க வைத்துவிடும். ரசீதில் குத்த அது போதும், அட்டைக்குச் சரிப்படாது.

கைவினைப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும் மையை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். சாய மையில் நிறம் கரைந்தே இருக்கும். தாளுக்குள் இறங்கி விரைவில் காயும். வெளிச்சத்தில் வைத்தால் நாளடைவில் மங்கும். நிறமி மையில், அதாவது பிக்மெண்ட் இங்க் என்று கேட்டால் தருவதில், நிறம் நுண்துகளாக மிதக்கும். தாளின் மேலேயே தங்கும், அடர்த்தியாகத் தெரியும், காய நேரம் பிடிக்கும். பல நிறம் பூசுகிறவருக்குச் சாய மை அவசரம் தரும், நிறமி மை அவகாசம் தரும். ஆனால் ஒன்றோடொன்று இழைந்து கலக்கும் அழகு சாய மையில்தான் கூடுதல்.

தொடங்குவதற்குப் பேட்கூட வேண்டாம். நீரில் கரையும் மை உள்ள பிரஷ் பேனா ஒரு செட் போதும். பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் கேம்லின் செட்டே நன்றாக வேலை செய்யும். பர்மனெண்ட் மார்க்கரைத் தொடாதீர்கள். அதன் மை ஸ்பிரிட்டில் கரைந்தது. ரப்பரில் பட்ட வேகத்தில் காய்ந்து, அங்கேயே பிடித்துக்கொள்ளும்.

ஒரு செம்பருத்தி ஸ்டாம்பை வைத்துப் பார்ப்போம். ஐந்து இதழ், நடுவிலிருந்து நீளும் மகரந்தத் தண்டு, அதன் நுனியில் புள்ளிகள், பூவின் அடியில் புல்லிவட்டம், காம்பு, இரண்டு இலை. ஸ்டாம்பை மல்லாத்திப் பிடித்து, முதலில் மஞ்சளை எடுங்கள். மகரந்தப் புள்ளிகளுக்கு மஞ்சள். இலைகளின் நுனிக்கும் கொஞ்சம். அடுத்து வெளிர் சிவப்பு, ஐந்து இதழுக்கும் முழுதாக. அதன் மேல் நல்ல சிவப்பு, இதழின் அடியிலிருந்து பாதி உயரம் வரை. பிறகு மெரூன், பூவின் தொண்டைப் பகுதியில் மட்டும். கடைசியாக இலைக்கும் காம்புக்கும் பச்சை.

வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போவது பேனாவைக் காப்பாற்றத்தான். பேனாவின் நுனி ஸ்டாம்பில் ஏற்கெனவே இருக்கும் மையை உறிஞ்சும். சிவப்பின் மேல் மஞ்சள் பேனாவை வைத்தால் அந்தப் பேனா ஆரஞ்சாகிவிடும். மஞ்சளின் மேல் சிவப்பை வைத்தால் சிவப்புப் பேனாவுக்கு ஒன்றும் ஆகாது. மறந்துபோய் அழுக்காகிவிட்டால், தெளிந்த நிறம் வரும்வரை வேஸ்ட் பேப்பரில் கிறுக்கி எடுத்துவிடலாம். பேனாவை நிமிர்த்திக் குத்தாமல் பக்கவாட்டில் சாய்த்துப் பூசுவதும் முக்கியம். நிமிர்த்திப் பூசினால் மை கோடுகளுக்கு இடையே உள்ள பள்ளத்தில் இறங்கும். ஒற்றும்போது அது திட்டாக வந்து நிற்கும்.

இந்தப் பூவில் சிக்கலான இடம் புல்லிவட்டம். சிவப்பும் பச்சையும் அங்கேதான் சந்திக்கின்றன. ஈரமாகக் கலந்தால் இரண்டும் சேர்ந்து மண் நிறமாகிவிடும். மயிரிழை இடைவெளி விட்டுப் பூசலாம். அதைவிட நல்ல வழி, இரண்டுக்கும் நடுவே முன்கூட்டியே மஞ்சள் பூசி வைப்பது. மஞ்சள் சிவப்போடு சேர்ந்தால் ஆரஞ்சு, பச்சையோடு சேர்ந்தால் தளிர் நிறம். இரண்டுமே பூவில் இருக்கக்கூடிய நிறங்கள். நீலமும் ஆரஞ்சும், ஊதாவும் மஞ்சளும் மோதும் இடங்களிலும் இதே யோசனை கைகொடுக்கும்: இரண்டோடும் ஒத்துப்போகும் மூன்றாவது நிறம் ஒன்றை இடையில் வைக்க வேண்டும்.

ஐந்து நிறம் பூசி முடிப்பதற்குள் முதலில் பூசிய மஞ்சள் காய்ந்திருக்கும். அதனால் வேலை தொடங்கும் முன்பே மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். நம் வீடுகளில் இந்த முறை சரியாக வராமல் போவதற்கு முதல் காரணமே மின்விசிறிதான். பூசி முடித்ததும், ஒற்றுவதற்குச் சற்று முன், வாயைத் திறந்து ஸ்டாம்பின் மேல் ‘ஹா’ என்று ஊதுங்கள். மூக்குக்கண்ணாடி துடைக்க ஊதுவோமே, அதே மூச்சு. அதிலுள்ள ஈரம் ரப்பரில் படிந்து, காய்ந்த மையை மறுபடி கரைக்கும்.

இந்தியக் கோடைக்கு மட்டும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். நாம் வெளிவிடும் மூச்சு ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸ் சூட்டில், ஈரம் நிறைந்து வருகிறது. ரப்பர் அதைவிடக் குளிர்ந்து இருந்தால்தான் ஈரம் அதன் மேல் படியும். கத்திரி வெயிலில் அறையும் அதிலுள்ள பொருள்களும் 36, 37 டிகிரிக்குப் போயிருக்கும் மத்தியானத்தில் எத்தனை முறை ஊதினாலும் பலன் இருக்காது. அப்போது மெல்லிய துளியாகத் தெளிக்கும் சிறிய ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, ஓர் அடிக்கு மேல் உயரத்திலிருந்து ஒரே ஒரு தடவை தெளியுங்கள். அல்லது வேலையை விடியற்காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒற்றும்போது ஸ்டாம்பை நேராக இறக்கி, ஆட்டாமல் அழுத்தி, நேராகத் தூக்க வேண்டும். தூக்கியதும் கழுவிவிடாதீர்கள். மறுபடி ஒருமுறை ஊதி, வேறொரு தாளில் ஒற்றுங்கள். இரண்டாவது பிரதி வெளிறி, ஓரங்கள் கரைந்து, நீர்வண்ண ஓவியத்தின் சாயலில் வரும். என் கண்ணுக்குப் பல சமயம் இதுதான் முதல் பிரதியைவிட அழகு. அட்டையின் பின்னணியில் இதை ஒற்றி, முன்னால் அடர் நிறப் பூவை வைத்தால் படத்துக்கு ஆழமும் வந்துவிடும்.

ரெயின்போ பேட் என்று விற்பது ஒரே பெட்டியில் வரிசையாக நான்கைந்து நிறங்கள் கொண்டது. அதில் ஸ்டாம்பை ஒரே வாக்கில் வைத்து, தட்டும்போது பக்கவாட்டில் இம்மியளவு நகர்த்தினால் நிறங்களுக்கு இடையே உள்ள எல்லை மறையும். ஸ்டாம்பைத் திருப்பி வைத்துவிட்டால் மஞ்சள் பகுதியில் நீலம் ஏறி, பேடே கெட்டுப்போகும். அந்தி வானம், கடல், மயில் தோகை ஆகியவற்றுக்கு இது பொருத்தம். பூவுக்கும் முகத்துக்கும் பொருந்தாது; இலை எங்கே, இதழ் எங்கே என்று பார்க்காமல் நிறம் கோடு கோடாக ஓடிவிடும். அதனால் நான் பரிந்துரைப்பது மேக்கப் ஸ்பாஞ்சைத்தான். துண்டுகளாக வெட்டி, நிறத்துக்கு ஒரு துண்டு வைத்துக்கொண்டு, பேடில் தொட்டு ஸ்டாம்பில் தட்டலாம். பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சில் துளைகள் பெரிது; மை புள்ளி புள்ளியாக விழும். சிறிய அளவுப் பேட் இருந்தால் இன்னும் சுலபம்: ஸ்டாம்பை மல்லாத்தி வைத்துவிட்டு, பேடைத் தலைகீழாகப் பிடித்து வேண்டிய இடத்தில் தட்ட வேண்டியதுதான்.

ஒரே அச்சில் நிறத்தை மாறவிடும் இந்தக் கலை ரப்பரைவிட மூத்தது. சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1844இல். ரப்பர் ஸ்டாம்ப் அதற்குப் பிறகு வந்தது. ஜப்பானிலோ 1765 வாக்கிலேயே சுசுகி ஹருநோபுவின் பல நிற மரஅச்சு ஓவியங்கள் வந்துவிட்டன. நிறத்துக்கு ஒரு மரப்பலகை. ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் தாளைப் பொருத்திவைக்க ‘கெந்தோ’ என்ற வெட்டு. அந்த அச்சர்களிடம் ‘பொக்காஷி’ என்றொரு நுட்பம் இருந்தது. பலகையின் ஒரு பகுதியை ஈரத்துணியால் நனைத்து, ஓரத்தில் நிறத்தை வைத்து, பிரஷால் ஈரத்தை நோக்கி இழுப்பார்கள். நிறம் ஒரு பக்கம் அடர்ந்து, மறுபக்கம் ஒன்றுமில்லாமல் கரையும். 1856இல் ஹிரோஷிகே தொடங்கிய எடோ நகரக் காட்சிகள் வரிசையில், வானத்தின் உச்சியில் அடர் நீலமாகத் தொடங்கிக் கீழே வெளிறிப்போகும் பட்டையைப் பாருங்கள், அது பொக்காஷி. எடோ என்பது இன்றைய டோக்கியோ.

இதை ரப்பரில் அப்படியே செய்யலாம். நிரப்பிய வடிவமுள்ள ஸ்டாம்பில், உதாரணமாக ஒரு மாவிலையில், காம்புப் பக்கம் அடர் பச்சை பூசி, தண்ணீரில் தோய்த்துப் பிழிந்த பிரஷால் நுனி வரை இழுங்கள். ஒரே பச்சை, ஆனால் இலைக்குள் வெயில் விழுந்திருக்கும். ஓரம் மட்டும் இருள வேண்டுமென்றால் இலை முழுவதையும் வெளிர் பச்சையில் தட்டி, பிறகு அடர் பச்சைப் பேடின் மேல் ஸ்டாம்பைச் செங்குத்தாகச் சாய்த்து, விளிம்பை மட்டும் உருட்டி எடுங்கள்.

ஸ்டாம்பின் மேல் ஸ்டாம்பை ஒற்றுவதும் உண்டு. நிரப்பிய இலை ஸ்டாம்பில் மை பூசி, நரம்பு வடிவமோ கோல வடிவமோ உள்ள சுத்தமான இன்னொரு ஸ்டாம்பை அதன் மேல் அழுத்தி எடுத்தால், அழுத்திய கோடுகளில் மை உரிந்து வந்துவிடும். தாளில் ஒற்றும்போது இலைக்குள் வெளிர் நரம்புகள் தெரியும். இரண்டாவது ஸ்டாம்பில் அடர் மை பூசி அழுத்தினால் நரம்புகள் இருண்டு விழும்.

படமும் எழுத்தும் ஒட்டி நிற்கும் ஸ்டாம்புகளுக்கு மாஸ்கிங் டேப் உதவும். பொங்கல் பானைக்குக் கீழே வாழ்த்து வரி இருக்கிறது என்றால், எழுத்தின் மேல் டேப்பை ஒட்டிவிட்டுப் பானைக்குக் காவி பூசுங்கள். டேப்பை உரித்து, எழுத்தைச் சிவப்பில் தட்டுங்கள். உரிக்காமல் ஒற்றிவிட்டால் டேப்பின் விளிம்பும் தாளில் பதியும். நிறத்துக்கு ஒன்றாகத் தனித்தனி ஸ்டாம்பு கொண்ட செட்டுகளும், அவற்றை அதே இடத்தில் மறுபடி இறக்க உதவும், கீல் வைத்த ஒளிபுகும் மூடியுள்ள பலகையும் விற்கிறார்கள். திருமணத்துக்கு நூறு அட்டை செய்கிறவருக்கு அது பயன்படும். பத்து அட்டைக்கு அவசியமில்லை.

ஸ்டாம்பை உள்ளூரிலேயே செய்துகொள்ளலாம். ரப்பர் ஸ்டாம்ப் கடையில் உங்கள் படத்தைக் கறுப்பு வெள்ளையில் கொடுத்து, தானாக மை தொட்டுக்கொள்ளும் வகை வேண்டாம், சாதாரணக் கைப்பிடி போட்டது போதும் என்று சொல்லிவிடுங்கள். கோடு கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும். மெல்லிய கோட்டில் நிறம் கலந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஒளிபுகும் போட்டோபாலிமர் ஸ்டாம்பு என்றால், புதிதில் மை அதன் மேல் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். அழிரப்பரால் மேற்பரப்பை லேசாகத் தேய்த்தால் மை சீராகப் பிடிக்கும். அழிரப்பரிலேயே ஸ்டாம்பு செதுக்குவதும் ஒரு வழி. ஜப்பானில் நான்சி செகி (1962–2002) தொலைக்காட்சிப் பிரபலங்களின் முகங்களை அழிரப்பரில் செதுக்கி, தம் பத்திரிகைக் கட்டுரைகளோடு வெளியிட்டுப் பெயர் பெற்றார். மென்மையான வெள்ளை அழிரப்பர், கூர்மையான கட்டர், பொறுமை இவை இருந்தால் போதும்.

தாள் 250 முதல் 300 ஜி.எஸ்.எம். வரை, வழுவழுப்பாக, ஆனால் பளபளப்புப் பூச்சு இல்லாமல் இருக்க வேண்டும். ஐவரி ஷீட் சரியாக வரும். ஆர்ட் கார்டில் சாய மை உள்ளே இறங்க வழியில்லை. விரல் பட்டால் இழுவும். புதுச்சேரியில் செய்யும் பருத்திக் கைக்காகிதத்தில் வாழ்த்து செய்ய ஆசை வருவது இயல்பு. அதன் சொரசொரப்பில் மெல்லிய கோடு உடைந்துபோகும் என்பதால் பெரிய வடிவமுள்ள ஸ்டாம்பும் நிறமி மையும் எடுத்து, தாளுக்கடியில் நான்கைந்து செய்தித்தாளை மடித்து வைத்து ஒற்றுங்கள்.

மை ஈரமாக இருக்கும்போதே ஸ்டாம்பைத் துடைத்துவிட வேண்டும். ஈரத்துணியில் நான்கு முறை ஒற்றி, பள்ளங்களைப் பழைய டூத் பிரஷால் மெதுவாகத் தேய்த்தால் போதும். ரப்பரில் சாயம் ஏறிய கறை தங்கினால் அது தாளுக்கு வராது; அதற்காகச் சுரண்ட வேண்டாம். போட்டோபாலிமர் ஸ்டாம்பை ஸ்பிரிட்டிலோ தின்னரிலோ துடைத்தால் நாளடைவில் கெட்டுவிடும். சோப்புத் தண்ணீரே பாதுகாப்பு, வெயிலிலும் வைக்கக் கூடாது. ரெயின்போ பேடை எப்போதும் தட்டையாகவே வையுங்கள். புத்தகம் போல அலமாரியில் நிறுத்தி வைத்தால், மேலே இருக்கும் நிறம் மெல்ல வடிந்து கீழ் நிறத்தில் கலந்துவிடும்.