பிரேக் விடாமல் பிடிக்கிறதா? மலை இறங்கும் முன் வீட்டிலேயே பாருங்கள்

 

சில மாதங்களுக்கு முன், உறவினர் ஒருவரை டாக்டரிடம் காட்டுவதற்காக எங்கள் பழைய காரில் சித்தேரியிலிருந்து அரூருக்குப் புறப்பட்டோம். பாதி மலை இறங்கும்போது, “ஏங்க, ஏதோ கருகற வாடை வருதே” என்றார் என் மனைவி. “கிளட்ச் வாடையாக இருக்கும்” என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து ஓட்டினேன். அடுத்த இரண்டு வளைவு தாண்டியதும் பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக உள்ளே போனது. கியரைக் குறைத்து, மலைப்பக்கமாக ஒதுக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து வண்டியை நிறுத்தினேன். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

முன்பக்க இடது சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோக முடியாத அளவுக்குச் சூடு. பிறகு வந்து பார்த்த மெக்கானிக், “இது இன்றைக்கு வந்த கோளாறு இல்லை பாய். மைலேஜ் குறைந்ததைக் கவனிக்கவில்லையா?” என்று கேட்டார். கவனித்திருந்தேன். பெட்ரோல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று தெரிந்துகொண்டதை நம் குடும்பங்களுக்கும் சொல்வது கடமை என்று கருதி இதை எழுதுகிறேன்.

பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் டயரும் பெட்ரோலும்தான் வீணாகும் என்று பலர் நினைக்கிறோம். மலைப்பாதையில் ஆபத்து வேறு. உரசிக்கொண்டே இருக்கும் சக்கரம் சூடாகி, அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது தர அளவு. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த அளவு 140 டிகிரிதான். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். பெடலை மிதித்தால் குமிழ்தான் அமுங்கும். சக்கரத்துக்கு அழுத்தம் போகாது. விடாமல் பிடித்த பிரேக், இப்படித்தான் கடைசியில் பிடிக்காத பிரேக்காக மாறுகிறது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்:

1. சூடு பார்த்தல். மலை ஏறும்போது பிரேக்குக்கு அதிக வேலை இல்லை. ஆகவே ஊருக்கு ஏறி வந்ததும் நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடச் சற்றுச் சூடாக இருப்பது இயல்பு. இடதும் வலதும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் கோளாறு அங்கேதான். மலை இறங்கியவுடன் இதைச் செய்யாதீர்கள். அப்போது எல்லாச் சக்கரமும் சுடும்.

2. உருட்டிப் பார்த்தல். லேசான சரிவில், முன்னால் ஆளோ பொருளோ இல்லாத இடத்தில், என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, நியூட்ரலில் வைத்துப் பிரேக்கை மெதுவாக விடுங்கள். வண்டி தானாக நகர வேண்டும். நகரத் தயங்கினால் சந்தேகப்படுங்கள்.

3. ஜாக்கி வைத்துச் சுற்றுதல். சமதளத்தில், வண்டி ஆறிய பிறகு செய்யுங்கள். முன் சக்கரத்தைத் தூக்கும்போது ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, நியூட்ரலில் விடுங்கள். பின் சக்கரத்தைத் தூக்கும்போது முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, முதல் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். (இது முன் சக்கர இழுவை கொண்ட கார்களுக்கு.) கையால் சுற்றிப் பாருங்கள். லேசாக உரசும் சத்தம் பரவாயில்லை. பிறகு ஒருவர் பெடலை மிதித்து விட, மீண்டும் சுற்றுங்கள். இடது, வலது இரண்டையும் ஒப்பிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

கண்டதை வைத்துக் காரணத்தை ஓரளவு ஊகிக்கலாம்:

பின் சக்கரம் மட்டும் இறுகினால், பெரும்பாலும் ஹேண்ட் பிரேக் கேபிள் திரும்பாமல் நிற்கும். அல்லது டிரம்முக்குள் துரு பிடித்திருக்கும். மழைக்காலத்தில் வண்டியைப் பல நாள் நிறுத்துவதானால், சமதளத்தில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுவது நல்லது.

ஒரு முன் சக்கரம் எப்போதும் இறுக்கமாக இருந்தால், காலிப்பரின் பின்களோ பிஸ்டனோ துருவேறி இறுகியிருக்கலாம். பெடலை விட்டவுடன் இறுகியிருந்து, சில நிமிடங்களில் தானாகத் தளர்ந்தால் ரப்பர் ஹோஸ் உள்ளே பழுதாகி அடைத்திருக்கக்கூடும். என் காரில் ஹோஸ்தான் காரணம்.

எல்லாச் சக்கரங்களும் பிடித்தால், முதலில் பெடலுக்கு அடியில் கால்மிதி சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். காலை எடுத்த பிறகும் பின்னால் பிரேக் லைட் எரிகிறதா என்றும் பாருங்கள். இவை சரியாக இருந்தால் மாஸ்டர் சிலிண்டரைச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

நம் வேலை இதோடு முடிந்தது. காலிப்பரையோ ஆயில் குழாயையோ கழற்றுவது மெக்கானிக்கின் வேலை. “எந்தச் சக்கரம், எப்போது இறுகுகிறது” என்று தெளிவாகச் சொன்னால் அவருக்கு நேரமும் நமக்குப் பணமும் மிச்சம். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள். இறுகிய பிரேக்கில் என்ஜின் ஆயிலோ மண்ணெண்ணெயோ ஊற்றாதீர்கள். பேடு வழுக்கும், ரப்பர் பாகங்கள் ஊதிக் கெடும். சூடான டிஸ்க்கில் தண்ணீரும் ஊற்றக் கூடாது. தானாக ஆற விடுங்கள்.

இன்னொன்று. எரிபொருளை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. நம் மாவட்டத்தின் தொப்பூர் கணவாயில் நடக்கும் விபத்துகளைப் பற்றி அடிக்கடி படிக்கிறோம். நியூட்ரலில் இறங்கினால் வண்டியின் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்குவதுதான் பாதுகாப்பு. என்ஜினை அணைத்துவிட்டும் இறங்காதீர்கள்; நாலைந்து முறை மிதித்ததும் பெடல் கல்லாகிவிடும்.

வண்டி ஓட்டாதவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாடை வந்தாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஓட்டுகிறவர் அதை அலட்சியம் செய்யாமல் நிறுத்திப் பார்க்கட்டும். அன்று என் மனைவி சொன்ன இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

வஸ்ஸலாம்.

செயலாளர்