வீடு திருத்தும் வேலைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு

மண்ணை உழுது, வரம்பு கட்டி, விதைத்து, நீர் பாய்ச்சி வாழ்ந்த மக்களுக்கு வேலையின் ஒழுங்கைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. உழாத நிலத்தில் எவரும் விதைப்பதில்லை. ஆனால் வீடு திருத்தும்போது அந்த அறிவை நாம் மறந்துவிடுகின்றோம். வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பிய பணம் கைக்கு வந்ததும் முன் மண்டபத்துக்கு ரைல்ஸ் பதிக்கின்றோம். அடுத்த மழைக்குக் கூரை ஒழுகுகின்றது. ஆறு மாதத்தில் நிலத்தின் கீழுள்ள பழைய குழாய் வெடிக்கின்றது. பதித்த ரைல்ஸையே கிளற வேண்டி வருகின்றது.

1990இலும், 1995இல் வலிகாமத்திலிருந்தும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் குடியேறின. 2009இல் போர் முடிந்தபின் சிலர் ஊர் திரும்பினர். சிலர் இங்கேயே தங்கிவிட்டனர். இவர்கள் வாழும் வீடுகளில் பல மிகப் பழையவை. பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர், சுண்ணாம்புச் சாந்துக் கட்டு, ஒடுங்கிய கான் என்பன கொட்டாஞ்சேனைப் பழைய வீடுகளின் இயல்பு. வெள்ளவத்தையிலோ கடற்காற்றின் உப்பு இரும்பைத் தின்றுவிடும். இத்தகைய வீட்டை உள்ளே முழுமையாகத் திருத்த விரும்பும் குடும்பம் எந்த வரிசையில் வேலை செய்ய வேண்டும் என்பதை இங்கு நோக்குவோம்.

முதலில் பத்திரம்

1983 ஜூலை வன்செயலில் எரிந்த வீடுகள் அவசரகால ஒழுங்குவிதிகளின்கீழ் அரசின் பொறுப்பில் வந்தன. ‘றெப்பியா’ எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட அதிகாரசபைக்கூடாகவே உரிமையாளர் அவற்றை மீளப்பெற வேண்டியிருந்தது. சுவர் நின்றது, உரிமையோ வேறு கையில் இருந்தது. சீமெந்து வாங்குமுன் பத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் தேவையில்லை.

வீடு உறவினருடையதாக இருக்கலாம்; உரிமையாளர் கனடாவிலோ இலண்டனிலோ இருக்கலாம். நாம் செலவிடும் பணம் வாடகையிற் கழிக்கப்படுமா, எத்தனை ஆண்டுகள் அங்கே இருக்கலாம் என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். “சொந்தக்காரர்தானே” என்று விட்டுவிட்டால் பின்னர் பணமும் போகும், உறவும் போகும்.

சுவர் இடிப்பதற்கு, அறை கூட்டுவதற்கு, மலசலகூடம் சேர்ப்பதற்கு முன் மாநகர சபையில் விசாரிக்க வேண்டும். மாடிக் குடியிருப்பாயின் அதன் நிர்வாகச் சபையிடமும் கேட்க வேண்டும். அங்கே வெளிச்சுவரும் பொதுக் குழாயும் ஒரு வீட்டுக்கு மட்டும் சொந்தமானவையல்ல.

அடுத்து கணக்கு

கோபுரம் கட்டத் தொடங்கி முடிக்க இயலாமற்போன மனிதனைப் பற்றி ஆண்டவர் கூறிய உவமையை (லூக்கா 14) நாம் அறிவோம். வீட்டை ஒரு மழை நாளில் சுற்றிப் பாருங்கள். எங்கே ஒழுகுகின்றது, எந்தச் சுவர் ஈரமாக உள்ளது, எந்த மரத்தில் கறையான் ஏறியுள்ளது, எந்தக் கான் அடைத்துள்ளது என்பவற்றை ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். குடும்பத்தவர் அனைவரும் இருந்து பேசுங்கள். குசினியில் நாள் முழுதும் நிற்பவர் அம்மாவே. நீர்க்குழாய் எங்கே வேண்டும் என்று அவரிடம் கேளாமல் தீர்மானிக்கக்கூடாது. முதியவர் இருந்தால் மலசலகூடத்தில் பிடிகம்பி பூட்டவும் இப்போதே இடம் பார்க்க வேண்டும்.

மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கையாவது ஒதுக்கி வையுங்கள். பழைய சுவரை உடைத்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். கூலியை ஒரேயடியாகக் கொடாமல், முடிந்த வேலைக்கேற்பப் பகுதி பகுதியாகக் கொடுப்பதே இரு சாராருக்கும் நல்லது.

மறைவானவை முழு வீட்டுக்கும். வெளியே தெரிபவை அறை அறையாக

நாம் வலியுறுத்த விரும்புவது இதுவே. கூரை, கான், நீர்க்குழாய், வயறிங் ஆகியன கண்ணுக்குத் தெரியாத வேலைகள். அவற்றை முழு வீட்டுக்கும் ஒரே தடவையில் முடிக்க வேண்டும். பூச்சு, தரை, பெயின்ற், அலுமாரி ஆகியன வெளியே தெரியும் வேலைகள். அவற்றைப் பணம் வரும்போது ஒவ்வோர் அறையாகச் செய்யலாம். மாறிச் செய்தால் செய்த வேலையை உடைக்க நேரிடும். வரிசை வருமாறு:

1. கூரை. வளை, சிலாகை, ஓடு, பீலி ஆகியவற்றை முதலில் திருத்துங்கள். பழைய அஸ்பெஸ்ரஸ் சீற்றை உடைக்கவோ வாளால் அறுக்கவோ வேண்டாம். நீர் தெளித்து, முகக்கவசம் அணிந்து, முழுச் சீற்றாகக் கழற்றுங்கள். அதன் தூசு சுவாசப்பையில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது.

2. இடிப்பும் கட்டும். எந்தச் சுவர் பாரம் தாங்குகின்றது என்பதை அறிந்தவரிடம் கேட்டபின்பே இடிக்க வேண்டும். பொதுச்சுவராயின் பக்கத்து வீட்டாருக்கும் அறிவியுங்கள். கதவு, யன்னல் நிலைகளைப் பூச்சுக்கு முன் பொருத்துங்கள்.

3. கானும் குழாயும். கழிவுக் குழாய்க்குச் சரிவு வேண்டும். நீர்க்குழாயை மூடுமுன் நீர் விட்டு, ஒரு நாள் வைத்துக் கசிவு பாருங்கள்.

4. வயறிங். அனுபவமுள்ள, தகுதி பெற்ற மின்வேலையாளரைக்கொண்டு செய்யுங்கள். நிலத்தொடுப்புக் கம்பியும் றிப் சுவிச்சும் உயிர் காப்பவை. அவற்றில் சிக்கனம் கூடாது.

5. பூச்சு. சீமெந்துப் பூச்சை ஏழு நாட்களாவது நனைத்துவர வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவருக்கு வலிய சீமெந்துப் பூச்சு உகந்ததல்ல. ஈரம் உள்ளே அடைபட்டுப் பூச்சு பெயர்ந்துவிடும். கடல்மணலை உப்பு நீக்காமல் பாவிக்க வேண்டாம்.

6. தரை. குளியலறையில் நீர்க்காப்புப் பூச்சிட்டு, ஒரு நாள் நீர் தேக்கிப் பார்த்தபின்பே ரைல்ஸ் பதிக்க வேண்டும்.

7. பெயின்ற். புதிய பூச்சு காய ஏறத்தாழ நான்கு வாரம் பொறுத்திருங்கள். பழைய தீந்தையில் ஈயம் இருக்கலாம். அதனை நனைத்தே சுரண்டுங்கள். அப்போது சிறு பிள்ளைகளை அவ்விடத்தில் விடாதீர்கள்.

8. கதவு, அலுமாரி, மின்விளக்கு ஆகியன கடைசியில்.

பருவமும் இருப்பிடமும்

கொழும்பில் தை முதல் பங்குனி வரை மழை குறைவு. கூரையைக் கழற்ற அதுவே தக்க காலம். வைகாசியில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையிலும் கடும் மழை பெய்யும். ஊரில் வீடு திருத்துவோருக்குக் கணக்கு வேறு. அங்கே புரட்டாதி முடியுமுன் கூரை வேலை முடிந்திருக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனைக்கு அருகிலுள்ள கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலம் 2019 ஏப்ரல் 21 குண்டுத்தாக்குதலில் பெரிதும் சேதமடைந்தது. கடற்படையினர் திருத்த வேலைகளில் ஈடுபட்டனர். திருவிழாவுக்கு முதல் நாள், ஜூன் 12இல், ஆலயம் மீளத் திறக்கப்பட்டது. அங்கே ஆலயம் மூடியிருந்தது. வேலை செய்யக் கைகள் பல இருந்தன. நம் வீட்டிலோ ஒரு மேசனும் ஒரு கையாளும்தான். குடும்பமும் உள்ளேயே வாழ்கின்றது. அந்த வேகத்தை நாம் எதிர்பார்க்க முடியாது.

எனவே பிள்ளைகள் படிக்கவும் முதியவர் படுக்கவும் ஓர் அறையைக் கடைசிவரை தொடாமல் வைத்திருங்கள். மலசலகூடம் ஒன்றே இருப்பின், மாற்று ஒழுங்கு செய்தபின்பே அதில் கைவையுங்கள். பிள்ளையின் பரீட்சைக் காலத்தில் சுவர் உடைக்க வேண்டாம்.

பணம் இடையில் முடிந்தால்

இவ்வரிசையின் பெரிய பயன் இதுதான். நான்காம் படியோடு பணம் முடிந்தாலும் வீடு ஒழுகாது, மின்சாரம் தாக்காது, குழாய் கசியாது. பூசாத சுவரோடு ஓர் ஆண்டு வாழலாம். பெயின்ற் அடித்த சுவருக்குள் பழுதான வயரோடு ஓர் இரவும் நிம்மதியாக உறங்க முடியாது. கடன் வாங்கியோ நகை அடகு வைத்தோ செய்வதாயின், அதனை முதல் நான்கு வேலைகளுக்கு மட்டும் செய்யுங்கள்.

ஊரில் அருவி வெட்டுக் காலத்தில் ஒருவர் வயலுக்கு மற்றவர் கை கொடுத்தோம். இங்கும் அவ்வாறு செய்யலாம். ஒரே ஒழுங்கையில் மூன்று குடும்பங்கள் சேர்ந்தால் மணலையும் சீமெந்தையும் ஒன்றாக இறக்கலாம். மேசனுக்கும் தொடர்ந்து வேலை கொடுக்கலாம். உங்கள் அன்பியக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். தச்சுவேலை, மேசன் வேலை, மின்வேலை தெரிந்தவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். சுவர் உடைக்கும் முன்னர் அந்தப் பட்டியல் உங்கள் கையில் இருக்கட்டும்.