நெஞ்செரிச்சல் நோய்க்கு மருந்தா, அறுவைச் சிகிச்சையா?

உணவு உண்டபின் நெஞ்சு எரிவதும், படுத்தவுடன் புளித்த நீர் தொண்டைவரை எதுக்களிப்பதும் பலரும் அறிந்த தொல்லைகளே. எப்பொழுதாவது தோன்றி மறையுமாயின் அஞ்ச வேண்டுவதில்லை. வாரந்தோறும் வருமாயின் அதனை நோயெனவே கருதல் வேண்டும்.

உணவுக்குழல் இரைப்பையுடன் சேருமிடத்தில் வளையம் போன்ற தசை ஒன்று உண்டு. உணவு இறங்கும்பொழுது அது திறந்து, பின்னர் மூடிக்கொள்ளும். இத்தசை தளர்ந்தால் அமிலம் மேல்நோக்கிப் பாயும். அமிலத்தைத் தாங்கும் ஆற்றல் இரைப்பையின் உட்சுவருக்கு உண்டு, உணவுக்குழலுக்கு இல்லை. ஆகவே அங்குப் புண் உண்டாகிறது.

இந்நோயை அடக்க இரு வழிகள் உள. முதலாவது, அமிலச் சுரப்பைக் குறைத்தல். 1988-இல் விற்பனைக்கு வந்த ஒமிப்ரசோலும் அதன் இனத்து மருந்துகளும், இரைப்பைச் சுவரில் அமிலத்தை வெளியேற்றும் நொதியைச் செயலறச் செய்கின்றன. உணவு உண்ணும்பொழுதே அந்நொதி மிகுதியாக இயங்குவதால், மருந்தை உணவுக்கு அரைமணி முன்னதாக உட்கொள்ள வேண்டும். ஆயினும் மருந்து தளர்ந்த தசையைச் சீராக்குவதில்லை. நிறுத்தியதும் பலருக்குத் தொல்லை திரும்புகிறது.

இரண்டாவது, தடுப்பையே செப்பனிடுதல். ருடால்ஃப் நிஸ்ஸென் என்னும் அறுவை மருத்துவர், தாம் முன்னர்ச் சிகிச்சை செய்த ஒருவருக்குத் தையலைக் காக்கும் பொருட்டு இரைப்பையின் மடிப்பை உணவுக்குழலைச் சுற்றிப் போர்த்தியிருந்தார். பல ஆண்டுகளுக்குப் பின்னும் அந்நோயாளிக்கு எதுக்களிப்பு இல்லாமை கண்டு, 1955-இல் அதனையே எதுக்களிப்பு நோய்க்குரிய சிகிச்சையாக மேற்கொண்டார். 1991 முதல் இது வயிற்றில் சிறு துளைகளிட்டுக் கருவி மூலம் செய்யப்படுகிறது.

இரண்டில் எது சிறந்தது? ஐரோப்பாவில் 554 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2011-இல் வெளியாயிற்று. மருந்தினால் நலம் கண்டவர்களே அதில் சேர்க்கப்பட்டனர். ஐந்தாண்டுகளின் இறுதியில் மருந்து உண்டோரில் 92 விழுக்காட்டினரும், அறுவை செய்துகொண்டோரில் 85 விழுக்காட்டினரும் நலமாயிருந்தனர். எதுக்களிப்பு அறுவையால் நன்கு அடங்கியது; ஆனால் விழுங்குவதில் தடையும் வயிற்று உப்புசமும் அவர்களிடமே மிகுந்தன. மருந்துக்கு அடங்காதோரின் நிலை வேறு. 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கடுஞ் சோதனைகளால் நோய் உறுதி செய்யப்பெற்றோரில் அறுவை 67 விழுக்காட்டினருக்கும், தீவிர மருந்துச் சிகிச்சை 28 விழுக்காட்டினருக்கும் பயனளித்தது.

ஆகவே மருந்தினால் நலம் பெறுவோர்க்கு அதுவே போதும். முறையாக மருந்துண்டும் எதுக்களிப்பு அடங்காதோரும், ஆயுள் முழுதும் மருந்துண்ண விரும்பாதோரும் சோதனைகளுக்குப் பின் அறுவையை நாடலாம்.

உணவு சிக்குதல், உடல் மெலிதல், இரத்த வாந்தி, கரிய மலம் ஆகியவை காணின் மாத்திரை கொடுத்துக் காலந் தாழ்த்தாது நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். நெஞ்சு வலியுடன் வியர்வையும் மூச்சுத் திணறலும் சேருமாயின் அது மாரடைப்பாகவும் இருக்கக்கூடும். அந்நிலையில் ஒவ்வொரு நிமிடமும் உயிரின் விலையுடையது.